2028: ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தும்?

பழைய பேப்பர் | 23 நவம்பர் 2025

நேற்று நியூஜெர்சி எடிசனில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் வரிசையில் ஆறு பேர். ஆறு பேரிடமும் 2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் ஆளுக்கொரு வேட்பாளர் இருந்தார். பாயசம் வருவதற்குள் கலிபோர்னியா கவர்னர் கவின் நியூசம் ஆதரவாளரும் பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷபிரோ ஆதரவாளரும் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டார்கள். தேர்தலுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, ஐயா! அங்கே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். இங்கே எழுதுகிறேன்.

தோற்ற கட்சியில் முதல் வருடம் அடிபடும் பெயர் ஒன்று, கடைசியில் மேடையேறும் பெயர் வேறொன்று. 1988 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸ் தோற்றபின் எல்லோர் வாயிலும் நியூயார்க் கவர்னர் மரியோ குவோமோதான். 1991 டிசம்பர் 20, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு) மனு கொடுக்கக் கடைசி நாள். ஆல்பனி விமான நிலையத்தில் அவரைக் கூட்டிப்போக வாடகை விமானம் தயாராக நிற்கிறது. பிற்பகலில் மனிதர் வெளியே வந்தார். மாநில பட்ஜெட் இழுபறி தீரவில்லை, நான் போட்டியிடவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. இலவு காத்த கிளிகள் எல்லாம் வேறு மரம் தேடின. வேட்பாளராக வந்தவர் அர்கன்சாஸ் என்ற சின்ன மாநிலத்தின் கவர்னர் கிளிண்டன்.

குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். 2012இல் ராம்னி தோற்றதும் கட்சியே உட்கார்ந்து ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதியது. குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்துங்கள், லத்தீன் மக்களிடம் போங்கள் என்பது 2013 மார்ச்சில் வந்த அந்த அறிக்கையின் சாரம். அதற்கு அளவெடுத்துத் தைத்தவர் மாதிரி புளோரிடாவின் முன்னாள் கவர்னர் ஜெப் புஷ் வந்தார். அவருக்கான நிதிக்குழு 2015இன் முதல் பாதியிலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கிடைத்த டெலிகேட்டுகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) நான்கு. அறிக்கைக்கு நேர் எதிராகப் பேசிய டிரம்ப் அள்ளிக்கொண்டு போனார்.

அதனால் "யார்" என்று கேட்பதே வீண் என்று நினைக்கிறேன். எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடப்போகிறது, போன தோல்விக்கு என்ன காரணம் என்று கட்சிக்காரன் நம்புகிறான், இந்த இரண்டையும் கேட்டால் ஓரளவு பதில் வரும். பெயர் அப்புறம் தானாக வரும்.


திண்ணை | 23 நவம்பர் 2025

பாயசம் எப்படி இருந்தது?


பழைய பேப்பர் | 23 நவம்பர் 2025

சேமியா. கொஞ்சம் இறுகிவிட்டது.


சான்ஹோசே சரவணன் | 23 நவம்பர் 2025

பழைய பேப்பர் அண்ணே, வரலாறு எல்லாம் சரி. ஆனால் 2019இன் தொடக்கத்தில் கருத்துக்கணிப்பில் முன்னால் நின்றவர் பைடன். 2020இல் வேட்பாளர் ஆனவரும் பைடன். 2016இல் தோற்ற கட்சிதானே அது? உங்கள் விதி அங்கேயே உடைகிறதே.

நான் நியூசம் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும், மறைக்கவில்லை. காரணம் ஒன்றுதான்: இப்போது கட்சிக்காரர்கள் கேட்பது சண்டை. டெக்சாஸில் குடியரசுக் கட்சி காங்கிரஸ் தொகுதி எல்லைகளை மாற்றி ஐந்து இடம் கூடுதலாகப் பிடிக்கப் பார்த்தது. மற்றவர்கள் அறிக்கை விட்டார்கள். இவர் கலிபோர்னியாவிலும் எல்லைகளை மாற்ற 50ஆவது பிரேரணையைக் கொண்டுவந்து, அதே கணக்குக்கு அதே கணக்கு என்று நவம்பர் 4ஆம் தேதி ஓட்டுக்கு விட்டார். நூற்றுக்கு 64 பேர் ஆமாம் என்றார்கள். எங்கள் தெருவில் எந்தத் தேர்தலையும் கண்டுகொள்ளாத ஆள்கூட அந்தத் தபால் ஓட்டை அன்றைக்கே நிரப்பிப் பெட்டியில் போட்டான். டிரம்ப் மாதிரியே பெரிய எழுத்தில் பதிவு போட்டு அவரையே கிண்டல் செய்வது சிறுபிள்ளைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்கிறது.


பக்ஸ் கவுண்டி பாலு | 24 நவம்பர் 2025

கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி ஜெயிப்பது கடலில் தண்ணீர் இருப்பது போல. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, சரவணன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய பக்ஸ் கவுண்டியில். 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு இந்த கவுண்டி கிடைத்தது 2024இல்தான். போன வருடம் அக்டோபரில் ஆறு சனிக்கிழமை வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினேன். ஒரு வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் மளிகைக்கடை ரசீதோடு வந்தார். அப்போதுதான் பைகளை இறக்கி வைத்திருக்கிறார். நான் கருக்கலைப்பு உரிமை, ஜனநாயகம் என்று எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். அவர் ரசீதை என் கையில் கொடுத்து, "கடைசி வரியை மட்டும் படி" என்றார். 214 டாலர். "நாலு வருடத்துக்கு முன்னால் இதே பைகள் 150க்கு வந்தன. இதற்கு உன் கட்சி என்ன சொல்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. என் கையில் இருந்த அட்டையிலும் இல்லை.

அந்த மனிதரிடம் சான்பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயரைக் கொண்டுபோய் நிறுத்தினால் கதவே திறக்காது. ஊரடங்கு நேரத்தில் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாபா பக்கம் விலை உயர்ந்த உணவகத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட படத்தைக் குடியரசுக் கட்சி தினமும் ஒளிபரப்பும்.

எங்கள் கவர்னர் ஷபிரோ 2022இல் கிட்டத்தட்ட 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவர். அதைவிட எனக்கு நினைவிருப்பது 2023 ஜூன். டேங்கர் லாரி தீப்பிடித்து ஐ-95 நெடுஞ்சாலையில் பாலம் இடிந்து விழுந்தது. நான் வேலைக்குப் போகிற வழி அது. மாதக்கணக்கில் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். பள்ளத்தைக் கண்ணாடித் துகளால் ஆன கல்லைக் கொட்டி நிரப்பி, 12 நாளில் திறந்துவிட்டார்கள். வேலை நடப்பதை இரவும் பகலும் கேமராவில் காட்டினார்கள். மழை வந்து தார் போட முடியாமல் போனபோது, கார் பந்தயத் திடலில் ஓடுதளத்தைக் காயவைக்கும் ஜெட் எந்திரத்தை போக்கோனோவிலிருந்து கொண்டுவந்து சாலையைக் காயவைத்தார்கள். என் மனைவி சீரியலை விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். கதவு தட்டும்போது சொல்ல எனக்கு இப்படி ஒரு கதை இருந்தால் போதும்.


குயின்ஸ் குமரன் | 24 நவம்பர் 2025

அந்த 214 டாலர் ரசீதுக்கு நேராகப் பதில் சொன்ன ஒருவர் எங்கள் நியூயார்க் நகரில் மூன்று வாரம் முன்னால் மேயர் தேர்தலில் ஜெயித்தார். மம்தானி பேசியது முழுக்க வாடகை, பஸ் கட்டணம், குழந்தைக் காப்பகம். பாலம் கட்டியதைப் பற்றி இல்லை.

2024இல் எங்கள் பக்கத்தில் ஒரே சீட்டில் டிரம்புக்கும், ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி காங்கிரஸ் உறுப்பினர் ஒகாசியோ கோர்டெஸுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். அவரே இன்ஸ்டாகிராமில் "ஏன் அப்படிப் போட்டீர்கள்" என்று கேட்டார். இரண்டு பேருமே மேல்தட்டுக்காரர்கள் இல்லை, மனதில் பட்டதைப் பேசுகிறார்கள் என்கிற மாதிரிப் பதில்கள் வந்தன. இதைக் கட்சித் தலைமை படிக்கவே இல்லை. செலவு மசோதா நிறைவேறாமல் வந்த அரசு முடக்கத்தில் 40 நாள் தாக்குப் பிடித்துவிட்டு, கடைசியில் நம் பக்கத்து எட்டு செனட்டர்கள் போய் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள். மருத்துவக் காப்பீட்டு மானியத்துக்கு ஒரு வாக்குறுதிதான் கிடைத்தது. இதற்குப் பிறகும் மிதவாத கவர்னரைத் தேடினால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.


பக்ஸ் கவுண்டி பாலு | 24 நவம்பர் 2025

குமரன் தம்பி, மம்தானி ஜெயித்த அதே நாளில் கவர்னர் தேர்தலில் நியூஜெர்சியில் மிகி ஷெரில், வர்ஜீனியாவில் அபிகேல் ஸ்பான்பெர்கர். இரண்டு பேரும் மிதவாதிகள், இரண்டு பேரும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அவர்களும் பேசியது விலைவாசிதான். மின்சாரக் கட்டணத்தை ஷெரில் எத்தனை தடவை சொன்னார் என்று பழைய பேப்பர் அண்ணனைக் கேளுங்கள்.


பழைய பேப்பர் | 24 நவம்பர் 2025

தூக்கத்தில்கூடக் கேட்டது. கட்டணம் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

சரவணன், பைடனைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. முன்னால் நின்றார், சரி. ஆனால் ஓட்டு விழ ஆரம்பித்ததும் என்ன ஆனது? அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி நடுவில் அவரை எல்லோரும் கைகழுவியாயிற்று. அப்புறம் தெற்கு கரோலினா வந்தது, பிழைத்தார். வரிசையில் அது நாலாவதாக இல்லாமல் பத்தாவதாக இருந்திருந்தால் அவர் பணம் அதுவரை தாங்கியிருக்காது. அதனால்தான் மாநில வரிசையைப் பார்க்கச் சொல்கிறேன். 2024க்கு பைடனே தெற்கு கரோலினாவை முதலில் கொண்டுவந்தார். நியூ ஹாம்ப்ஷயர் "முதலில் நடத்துவது எங்கள் மாநிலச் சட்டம்" என்று முறுக்கிக்கொண்டு தன்பாட்டில் ஜனவரியிலேயே நடத்தியது. 2028 வரிசையைக் கட்சி இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்று, ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தவருக்கே எல்லாம் என்பது கிடையாது. 15 சதவீதம் தாண்டினால் ஓட்டுக்கு ஏற்றபடி டெலிகேட் கிடைக்கும், தாண்டாவிட்டால் பூஜ்யம். பதினைந்து பேர் நிற்கும் களத்தில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஆளுக்கு 9, 11 என்று வாங்கியவர்கள் வெறுங்கையோடு போவார்கள். 25 வாங்கிய ஒருவர் அவர்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். ஆக உறுதியான ஒரு கூட்டம் பின்னால் இருப்பவருக்கு லாபம். அப்படிப் பார்த்தால் குமரன் சொன்ன ஒகாசியோ கோர்டெஸை நான் அத்தனை லேசாக ஒதுக்கமாட்டேன்.


மன்னை மைந்தன் | 25 நவம்பர் 2025

ஒருவர்கூடக் கமலா ஹாரிஸ் பெயரைச் சொல்லவில்லையே? போன வருடம் இதே மன்றத்தில் 40 பக்கம் ஓடியது.

எனக்கு ஊர் மன்னார்குடி. துளசேந்திரபுரம் பக்கம்தான். அவருடைய தாத்தா கோபாலன் பிறந்த ஊர். அங்கே தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பொறித்த கல்லில் இவர் பெயரும் இருக்கிறது. வாக்குப்பதிவு அன்று காலை கோயிலில் பூஜை. வெளிநாட்டு டிவிக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன், ஒரு நிருபர் என்னிடம் மைக்கை நீட்டினார், "கண்டிப்பாக ஜெயிப்பார்" என்று சொன்னேன். மறுநாள் பந்தல் பிரிக்கிற பையன் கம்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அண்ணே, மறுபடி நிப்பாங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறேன். கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் நிற்கவில்லை என்று ஜூலையில் சொன்னாரே, அப்படியானால் 2028க்குத்தானே?


சான்ஹோசே சரவணன் | 25 நவம்பர் 2025

கதவை அவர் மூடவில்லை, அது உண்மை. ஆனால் 2024இல் எலெக்டோரல் ஓட்டு டிரம்புக்கு 312, இவருக்கு 226. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஸ்விங் மாநிலங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யார் மறுபடி பணம் கொடுப்பார்கள்?


பழைய பேப்பர் | 25 நவம்பர் 2025

மைந்தன், மனம் கோணாமல் கேளுங்கள். தோற்றவரையே மறுபடி நிறுத்துவது இந்தக் கட்சியில் வழக்கொழிந்து போன சமாச்சாரம். கடைசியாக அப்படி நிறுத்தியது அட்லாய் ஸ்டீவன்சனை. 1952இல் தோற்றார், 1956இல் மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி தோற்றார். அதற்குப் பிறகு யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. 2000இல் தோற்ற அல் கோர் 2002 டிசம்பரிலேயே ஒதுங்கிக்கொண்டார், 2004இல் தோற்ற கெர்ரி 2007 ஜனவரியில். குடியரசுக் கட்சி அப்படி இல்லை. நிக்சன் 1960இல் தோற்று 1968இல் வந்தார், டிரம்ப் நாம் பார்த்ததுதான்.

ஹாரிஸ் மேல் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. பைடன் ஜூலை 21ஆம் தேதி விலகி, கையில் 107 நாளைக் கொடுத்தால் யாராலும் பெரிதாக என்ன செய்ய முடியும்? ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2020 போட்டியில் ஓட்டு விழும் முன்பே 2019 டிசம்பரில் விலகிவிட்டார். 2024இல் பிரைமரி இல்லாமலே வேட்பாளர் ஆனார். அதிபர் வேட்பாளருக்கான பிரைமரியில் ஒரு மாநிலத்தையும் அவர் இதுவரை ஜெயித்ததில்லை. அந்தச் சோதனையை 2028இல் முதல் தடவையாக எழுதப்போகிறார் என்றால், எழுதட்டும், பார்ப்போம்.


மன்னை மைந்தன் | 25 நவம்பர் 2025

சரி. பந்தல்காரப் பையனிடம் சொல்லிவிடுகிறேன்.


ஒற்றைக்கால் கொக்கு | 25 நவம்பர் 2025

பெண் வேட்பாளரே வேண்டாம். 2016இல் ஹிலாரி, 2024இல் ஹாரிஸ் என்று இரண்டு தடவை சூடு பட்டாயிற்று. அதேபோல ஷபிரோவும் யூதர், காசா விஷயத்தில் இளைஞர்கள் வரமாட்டார்கள். பைடன் அமைச்சரவையில் இருந்த பூட்டிஜெஜ் ஓரினச்சேர்க்கையாளர். வெள்ளைக்கார ஆண், கல்யாணம் ஆனவர், கிறிஸ்தவர், அவ்வளவுதான். ஜாதகப் பொருத்தம் மாதிரிப் பார்த்துப் போடவேண்டியதுதான்.


மட்டுறுத்துநர் | 25 நவம்பர் 2025

கொக்கு அவர்களே, வெற்றி வாய்ப்பைப் பேசலாம். பிறப்பை வைத்து ஆளைக் கழிக்கும் தொனி வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.


கொலம்பியா சாந்தி | 26 நவம்பர் 2025

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எங்கள் மாநிலத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுவதால் எழுதுகிறேன். தெற்கு கரோலினாவில் 19 வருடமாக இருக்கிறேன்.

முதலில் கொக்குக்கு. இரண்டு தடவை ஆண் வேட்பாளர் தோற்றால் ஆணே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. டுகாகிஸும் கெர்ரியும் ஆண்கள்தான். இந்த மாதம்தான் வர்ஜீனியா தன் முதல் பெண் கவர்னரைத் தேர்ந்தெடுத்தது. மிச்சிகனில் கிரெட்சன் விட்மர் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார், அவர் பெயரை இங்கே ஒருவரும் எடுக்காததே எனக்கு ஆச்சரியம்.

இப்போது எங்கள் ஊர். இங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற நடுவயதுப் பெண்கள்தான் முதுகெலும்பு. என்னோடு வேலை செய்யும் ஒருவர் அப்படித்தான். 2020இல் அவரிடம் கேட்டேன், ஏன் பைடன் என்று. "எனக்குப் பிடித்தவரைத் தேடவில்லை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் யாருக்குப் போடுவான் என்று பார்க்கிறேன்" என்றார். காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு சொன்னது பிப்ரவரி 26, ஓட்டு 29. மூன்றே நாள். ஆனால் அந்த அம்மா அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். பூட்டிஜெஜ் அயோவாவில் ஜெயித்த சூட்டோடு இங்கே வந்தார், ஒற்றை இலக்க சதவீதத்தோடு திரும்பினார். அவர் நல்ல பேச்சாளர் என்று அந்த அம்மாவும் சொன்னார். ஓட்டு மட்டும் போடவில்லை.

அதனால் குமரனுக்கு ஒரு கேள்வி: ஒகாசியோ கோர்டெஸ் இந்தப் பெண்களிடம் என்ன சொல்வார்? இடதுசாரி செனட்டர் சாண்டர்ஸ் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் இங்கேதான் அடி வாங்கினார்.

பாலு அண்ணா, உங்கள் பாலம் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஷபிரோ யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மேரிலாந்து கவர்னர் வெஸ் மூரைத் தெரியும். மே மாதம் கிளைபர்னின் மீன் விருந்துக்கு அவரும், 2024இல் ஹாரிஸோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸும் வந்திருந்தார்கள். நான் போயிருந்தேன். பொரித்த மீனை வெறும் வெள்ளை ரொட்டியில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், முள் பார்த்துத் தின்ன வேண்டும். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும் என்பதுதான் வேட்பாளர்களுக்கு அங்கே பரீட்சை. சட்டையில் எண்ணெய் படும். அதைத் துடைக்கிறவனை எங்கள் ஊர்க்காரர்கள் கவனித்துவிடுவார்கள்! மூர் "நான் நிற்கவில்லை" என்கிறார். நிற்காதவர் எதற்கு அந்த வெயிலில் மீன் தின்ன வந்தார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.


குயின்ஸ் குமரன் | 26 நவம்பர் 2025

சாந்தி அக்கா, அது நேர்மையான கேள்வி. சாண்டர்ஸின் பலவீனம் அதுதான், தெரியும். ஆனால் அந்த அம்மாவின் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இங்கே அந்த வயதுக்காரர்கள் மொத்தமாக வேறு பக்கம் போய்விட்டார்கள்.


கொலம்பியா சாந்தி | 26 நவம்பர் 2025

மகள் அட்லாண்டாவில். ஓட்டு அங்கே. நாளை நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வருகிறாள், கேட்கிறேன்.


திண்ணை | 26 நவம்பர் 2025

இவ்வளவு பேசியாயிற்று. ஆளுக்கு ஒரு பெயர் எழுதுங்கள். 2028 கோடையில் கட்சி மாநாடு முடிந்ததும் இந்த இழையை மேலே இழுத்து வருகிறேன். தோற்றவர்கள் ஜெயித்தவருக்கு பிரியாணி வாங்கித் தரவேண்டும். பழைய பேப்பர் அண்ணன் தப்பிக்கக் கூடாது.


சான்ஹோசே சரவணன் | 26 நவம்பர் 2025

நியூசம். 2027 ஜனவரியில் கவர்னர் பதவி முடிகிறது, அதற்குப் பிறகு அவருக்கு இதைத் தவிர வேறு வேலை இல்லை.


பக்ஸ் கவுண்டி பாலு | 26 நவம்பர் 2025

ஷபிரோ. ஆனால் 2026இல் கவர்னர் தேர்தலில் மறுபடி பெரிதாக ஜெயித்தால்தான். சின்ன வித்தியாசம் என்றால் பந்தயத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.


திண்ணை | 26 நவம்பர் 2025

நிபந்தனை எல்லாம் செல்லாது.


பழைய பேப்பர் | 27 நவம்பர் 2025

பெயரைக் கேட்காதீர்கள் என்று ஆரம்பித்தவனையே பெயர் சொல்ல வைக்கிறீர்கள். சரி, பிரியாணிக்காக.

கென்டக்கி கவர்னர் ஆண்டி பெஷியர். 2024இல் டிரம்ப் 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலத்தில் 2019, 2023 இரண்டு தடவை ஜெயித்தவர். பேச்சு சுமார், மேடையில் பள்ளி வாத்தியார் மாதிரி இருப்பார். ஆனால் போன தோல்விக்கு மருந்து என்று கட்சிக்காரர்கள் எதை நம்புவார்கள்? "நம்மை வெறுக்கிற ஊரில் ஜெயித்தவன்" என்ற ஒன்றை நம்புவார்கள் என்று தோன்றுகிறது. சாந்தியின் தோழி சொன்னாரே, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் யாருக்குப் போடுவான் என்று. அதைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன். என் அனுபவத்தில் நான் கட்டும் குதிரை ஓடியதில்லை. 2003இல் ஹோவர்ட் டீன் என்று சத்தியம் செய்தவன் நான்.


குயின்ஸ் குமரன் | 27 நவம்பர் 2025

ஒகாசியோ கோர்டெஸ். அவர் செனட்டுக்கு நிற்காமல் இருந்தால்.


திண்ணை | 27 நவம்பர் 2025

நிபந்தனை செல்லாது என்று இப்போதுதானே சொன்னேன்!


கொலம்பியா சாந்தி | 28 நவம்பர் 2025

தோழியின் மகளைக் கேட்டுவிட்டேன். "அம்மா யாரைச் சொல்கிறாரோ அவருக்கு எதிர்ப்பக்கம்" என்கிறாள். அம்மா இன்னும் யாரையும் சொல்லவில்லை.

பழைய பேப்பர் அண்ணா, உங்கள் பெஷியர் ஜூலையிலேயே எங்கள் மாநிலத்துக்கு வந்துவிட்டுப் போய்விட்டார். அதே மாதம் நியூசமும் வந்தார். என் பெயரை இப்போது எழுதமாட்டேன். அடுத்த மீன் விருந்துக்கு யார் யார் வருகிறார்கள், யார் சட்டையைத் துடைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.